நகத்தில் ஏறிய மயில்கழுத்து

எனக்குக் கோர்வையாக எழுத வராது. அஞ்சாவதோடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. இப்போது மறதி வேறு. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், ஐப்பசி மழையில், காஞ்சிபுரத்தில் நடந்தது. என் வீட்டுக்காரர் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர். அந்த வாரம் முழுக்க மயில்கழுத்துக் கலர்தான். இருமலும் காய்ச்சலும் விடவில்லை என்று அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

நர்ஸ் அவர் விரலில் ஒரு கிளிப்பை மாட்டினார். கொடியில் துணிக்குப் போடுவோமே, அந்த மாதிரிதான் இருந்தது. அதில் எண்பத்திரண்டு என்று வந்தது. அடுத்த விரலிலும் கிட்டத்தட்ட அதேதான்.

"ரத்தத்துல ஆக்சிஜன் ரொம்ப கம்மியா இருக்குதுமா. இங்க வெச்சுக்க முடியாது" என்றார். ஆக்சிஜன் எடுத்துவர ஒருவர் போனார். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஆம்புலன்ஸுக்கும் சொல்லிவிட்டார்கள்.

இவரோ, "எனக்கு மூச்சு நல்லாத்தாம்மா வருது" என்று சிரித்தார். எனக்கு அதுதான் பயம். கொரோனா சமயத்தில் நன்றாகப் பேசிக்கொண்டே போனவர்களை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றேன்.

அப்போது சர்க்கரை பார்க்க லேபிலிருந்து ஒரு பெண் வந்தாள். பக்கத்து ஊர் தாமல்காரப் பெண். ஊசி குத்த அவர் விரலைப் பஞ்சால் துடைத்தாள். நகம் நீலமும் பச்சையுமாக அப்படியே இருந்தது. குத்தாமல் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னா தாத்தா, நெயில் பாலிஷா?"

"சாயம்மா. விரலுக்குத்தான் ஏறிச்சு, மூச்சுக்கு ஏறல."

அவள் கிளிப்பை வாங்கி, நகத்தின் மேல் படாதபடி விரலின் பக்கவாட்டில் மாட்டினாள். எண் மெதுவாக ஏறித் தொண்ணூற்றைந்தில் நின்றது. கால் விரலில் வைத்தாள். அங்கேயும் அதேதான். டாக்டர் வந்து தானும் ஒரு தடவை வைத்துப் பார்த்தார். நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். சளிதான் கட்டியிருக்கிறது, மாத்திரை போதும், ஆம்புலன்ஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

எனக்கு வெளி ஆட்களிடம் வாய் திறக்கவே கூச்சம். ஆனாலும் மனசு கேட்கவில்லை. ஊசி குத்தாமல், ஒரு சொட்டு ரத்தம் எடுக்காமல், உள்ளே இருப்பது அந்தக் கிளிப்புக்கு எப்படித் தெரிகிறது என்று அந்தப் பெண்ணிடம் கேட்டுவிட்டேன்.

"உள்ள ரெண்டு லைட்டு இருக்குதும்மா. ஒண்ணு செவப்பு, ஒண்ணு கண்ணுக்குத் தெரியாது. ஆக்சிஜன் நல்லா இருக்கிற ரத்தம் செவப்ப விட்டுடும். கம்மியா இருந்தா முழுங்கிடும். தாத்தா நகத்துச் சாயமும் முழுங்குது. மெஷினுக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

என் விரலிலும் மாட்டிவிட்டாள். விளக்கு உள்ளே ஏற்றினாற்போல் விரல் நுனி சிவந்தது. அறுபது வருஷத்துக்கு மேலாக என்னோடு இருக்கும் விரல், அதற்குள் வெளிச்சம் போகும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நான் வாயைத் திறந்தபடி பார்த்ததைப் பார்த்து இவர், "இவளுக்கும் ஆம்புலன்ஸ் சொல்லுமா" என்றார்.

இப்போது எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதலில் நகத்தைக் காட்டிவிட்டுத்தான் விரலை நீட்டுகிறார்.

அந்த வெளிச்சத்தைப் பற்றி எழுதியதில் தப்பு இருக்கலாம், எண்களும் முன்னே பின்னே இருக்கலாம். விவரம் தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்துத் திருத்திவிடுங்கள். ஆனால் எல்லோரும் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் மட்டும் அவர் கையைப் பார்த்தாள். அது எனக்கு மறக்காது, அதை யாரும் சரிபார்க்க வேண்டாம்.