குழந்தை இளைக்கவில்லை

மூத்த மகளின் ஒன்பதாம் மாதத்தில், ஸ்கேனில் சொன்ன குழந்தையின் எடையை நாட்குறிப்பில் எழுதி வந்தேன். திங்களன்று வீட்டருகே கெலுகோர் கிளினிக்கில் 2.9 கிலோ. வியாழனன்று, பிரசவத்துக்குப் பதிந்திருந்த மருத்துவமனையில் 2.6. குழந்தை இளைக்கிறது என்று பதறி, "இன்றைக்கே ஆபரேஷன் செய்து எடுத்துவிடுங்கள்" என்று டாக்டரிடம் பிடிவாதம் பிடித்தேன்.

"அக்கா, இது தராசு இல்லலா. தலை, வயிறு, தொடை எலும்பை அளந்து போடுற கணக்கு. மெஷினும் ஆளும் மாறினா கொஞ்சம் கூடும், குறையும். துடிப்பு, அசைவு எல்லாம் சரியா இருக்கு" என்றார் அவர்.

"உங்க நோட்டுலதாம்மா இளைச்சிருக்கு!" என்று மகள் சிரித்தாள்.

மூன்று வாரம் கழித்து, தானாக வலி கண்டு, 3.2 கிலோவில் பேத்தி பிறந்தாள். என் பேச்சைக் கேட்டிருந்தால் குறைமாதத்தில் பிறந்திருப்பாள்.

இப்போது இளையவள் கர்ப்பமாக இருக்கிறாள். எடைக்கு முன்னால் 'சுமார்' என்று எழுதி, ஸ்கேன் எடுத்த இடத்தையும் குறிக்கிறேன். டாக்டரிடம் முதலில் கேட்பது, குழந்தை நன்றாக அசைகிறதா என்பதைத்தான்.