தப்பிப் பிழைத்த ஒன்றாம் நம்பர் அச்சு

எழுபதுகளின் தொடக்கம். விருத்தாசலத்தில் ஒரு சின்னப் பீங்கான் பட்டறையில் அச்சு செய்து கொண்டிருந்தேன். பிளாஸ்டர் அச்சில் களிமண் கூழை ஊற்றித்தான் பொருள் எடுப்போம். கொஞ்ச நாளில் அச்சு தேய்ந்துவிடும். புதிது செய்துகொள்ள ‘தாய் அச்சு’ என்று ஒன்று அலமாரியில் இருக்கும். அது இருக்கும்வரை எது உடைந்தாலும் கவலை இல்லை.

கடைத்தெரு பாய் ஒருவர் மூடி போட்ட சர்க்கரை ஜாடி கேட்டிருந்தார். எறும்பு நுழையக் கூடாது, மூடி ஆடக் கூடாது. என் முதல் மூடி ஜாடிக்குள்ளேயே விழுந்தது. இரண்டாவது, அண்ணன் சட்டையைப் போட்ட தம்பி மாதிரி தொங்கியது. ஏழாவதுதான் சரியாக உட்கார்ந்தது. ஏழு தாய் அச்சுக்கும் அடியில் நம்பர் கீறி அடுக்கி வைத்தேன். எதில் எதை மாற்றினேன் என்று மட்டும் எழுதி வைக்கவில்லை. என் ஞாபகசக்தி மேல் எனக்கு அவ்வளவு மரியாதை.

ஸ்ரீமுஷ்ணத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு, தேய்ந்த அச்சுகளுக்குப் பதில் புதிது செய்யலாம் என்று திரும்பி வந்தால், அலமாரி காலி. யாரோ அதிகாரி பார்வையிட வருகிறாராம். சூப்பர்வைசர் சுத்தம் செய்துவிட்டார். என் ஏழு அச்சில் ஆறு வாசல் பள்ளத்தில் கிடந்தன. கிடந்தன என்பதும் மரியாதைக்குச் சொல்வது. லாரி ஏறி, மழையும் பெய்து, கெட்டி மோராகி இருந்தன.

நான் கத்தின கத்தலில் சூளையடி ஆட்கள்கூட வந்துவிட்டார்கள். அவர் அசரவில்லை.

“ஏன்யா குதிக்கிற? ஏழும் ஒரே மாதிரிதான இருந்துச்சு. தேயாத புதுசா பாத்து ஒண்ணு வச்சிருக்கேன்ல?”

அவர் நீட்டியதை வாங்கி அடியைத் திருப்பிப் பார்த்தேன். ஒன்றாம் நம்பர். மூடி உள்ளே விழுந்த மகராசன். யாரும் தொடாததால் புதுசாகத்தான் இருந்தது.

முதலாளி அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பத்து நாளில் பாய்க்கு ஜாடி போகாவிட்டால் நான் வேலைக்கு வர வேண்டாம் என்று என்னிடம் சொன்னார். ஆத்திர அவசரத்தில், சூப்பர்வைசர் யோசனைப்படி, சுட்ட மூடி ஒன்றிலிருந்தே அச்சு எடுத்தேன். மண் சுட்டால் சுருங்கும் என்பது பட்டறையில் கூட்டிப் பெருக்குகிறவருக்கும் தெரியும். சுருங்கின மூடிக்கு எடுத்த அச்சில் வந்த மூடி இன்னொரு தரம் சுருங்கியது. சொப்பு வைத்து விளையாடலாம்.

ஞாபகசக்தியோ கையை விரித்துவிட்டது. ஐந்தாம் நாள் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது, பிசிறு சீவுகிற அக்கா சோற்றுப் பையிலிருந்து ஒரு கட்டு ஈர்க்குச்சியை எடுத்து என் முன்னால் வைத்தார். சூளைக்குப் போகும் முன் காய்ந்த மூடியைச் சரிபார்க்க, அகலத்துக்கு ஒன்று, விளிம்புக்கு ஒன்று என்று வெட்டுப் போட்டது. எந்த நம்பர் அச்சோ, குச்சியில் கட்டிய நூலில் அத்தனை முடிச்சு. அந்தக் குச்சிகளைப் பார்த்து, குருவிக்கூடு கட்டப் போறியாக்கா என்று கேலி செய்தவன் நான்தான்.

“நீ பாட்டுக்கு நம்பர மாத்திக்கிட்டே இருப்ப. எதுக்கு எந்த அளவுன்னு நான் யாரப் போயி கேக்கறது? அதான் எல்லாத்தையும் வச்சிருக்கேன்” என்றார்.

ஏழு முடிச்சுக் குச்சியை அளவாக வைத்து, ஒன்றாம் நம்பரைத் திருத்தித் திருத்தி, ஒன்பதாம் நாள் மூடி உட்கார்ந்தது. பாய் ஜாடியைக் குலுக்கிப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார்.

அதிகாரியும் வந்தார். காலி அலமாரியைப் பாராட்டினார். சூப்பர்வைசர் கூச்சமில்லாமல் கைகூப்பினார். எனக்கு ரத்தம் கொதித்தது. அடுத்து முதலாளி, இவன் நினைவிலிருந்தே மறுபடி செய்துவிட்டான் என்று என் தோளைத் தட்டினார். நானும் கூச்சமில்லாமல் கைகூப்பினேன்.

சூப்பர்வைசர் மேல் உள்ள கோபம் இன்றும் பாதி மிச்சமிருக்கிறது; ஆனால் அந்த நேரம் நாலடி தள்ளி, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் பிசிறு சீவிக்கொண்டிருந்த அக்காவை நினைத்தால் என் மேல் வருகிற கோபம் முழுசாகவே இருக்கிறது.