ஆட்டோ மேல் காய்ந்த ரஜாய்

"வெயில்ல துணிதான் காயும். பேட்டரிக்கு சார்ஜ் ஏறுமாடி?" என்று அப்பா சிரித்தார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல் படித்தவள். விடுவேனா?

நாங்கள் குடும்பத்தோடு ஒரு மாதம் சொந்த ஊரான சேலத்துக்குப் போய் டெல்லி திரும்பினால், அப்பாவின் ஆட்டோ பேட்டரி ஒவ்வொரு முறையும் செத்துக் கிடக்கும். இந்தக் குளிர்காலத்தில் ஆட்டோவின் கூரையில் சின்ன சோலார் பலகையைக் கட்டி, பேட்டரியோடு இணைத்த பிறகுதான் எல்லோரோடும் ரயிலேறினேன்.

திரும்பி வந்தபோது பலகையை மூடிக்கொண்டு ஒரு தடித்த ரஜாய் காய்ந்துகொண்டிருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"பாத்தியா, போர்வை நல்லாக் காயுது," என்றார் அப்பா.

எதிர்வீட்டு கமலா ஆன்ட்டி ஓடிவந்து ரஜாயை உருவினார். "அரே மகளே, இப்பதான் போட்டேன்! இத்தனை நாளும் பலகையில தூசி துடைச்சது யாரு? நான்தானே!" என்றார் இந்தியில்.

வயரையெல்லாம் யோசித்த நான், பலகையில் படிந்து வெயிலை மறைக்கும் டெல்லித் தூசியை யோசிக்கவே இல்லை.

அப்பா சாவியைத் திருப்பினார். ஒரே தடவையில் இன்ஜின் உறுமியது. "என் பொண்ணு செஞ்சது!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். அந்தக் குரலை நான் மறக்கவே மாட்டேன்.

ஸ்டாண்டில் இதுவரை மூன்று ஆட்டோக்களுக்குப் பலகை பொருத்திவிட்டேன். ஒவ்வொருவரிடமும் நான் முதலில் கேட்பது, "தூசி துடைக்க வீட்டுல யாரு இருக்காங்க?"