பாம்புக்குப் படுக்கை போடுகிற வீடு

சனிக்கிழமை காலையில் என் வீட்டு மணியை அடிக்கிறவர்களுக்குக் கதவு திறந்ததுமே மூக்கில் ஏறுவது காட்டு வாசம். குசினியில், மின்சாரப் போறணைக்குள், தட்டுத் தட்டாக ஓக் மரத்துச் சருகுகள் சூடாகிக்கொண்டிருக்கும். கேக் போடுகிறேன் என்று நினைத்து உள்ளே வந்த எங்கடை ஆள் ஒருத்தி, போறணையைத் திறந்து பார்த்துவிட்டு, "இதென்னக்கா, சருகைச் சுடுறியள்?" என்று கேட்டாள். பாம்புக்குப் படுக்கை போட என்றேன். தேத்தண்ணிகூடக் குடிக்காமல் போய்விட்டாள். ஜெர்மனியின் இந்தச் சிறு நகரத்தில் இருக்கிற தமிழ்ச் சனத்துக்கு அன்றிலிருந்து நான் பாம்புக்காரி. இருந்துவிட்டுப் போகிறேன். ஊரில் நாகதம்பிரானுக்குப் பாலும் பழமும் வைத்துக் கும்பிட்டுவிட்டு, வீட்டுக்கு வரும் வழியில் கண்ட சாரையை அடித்துக் கொன்ற சனம் எனக்குப் பட்டம் வைப்பதில் நான் ஏன் வெட்கப்பட வேண்டும்?

அந்தப் பாம்பு கீழ்வீட்டு ஹெல்காவினுடையது. என் கணவர் இறந்த குளிர்காலத்தில், செத்த வீட்டுக்கு வந்துபோன சனமெல்லாம் கலைந்த பிறகும், ஒவ்வொரு நாளும் என் கதவடியில் சூப் கொண்டுவந்து வைத்தவள் அவள். முதுமையில் பராமரிப்பு இல்லத்துக்குப் போக வேண்டி வந்தபோது, அங்கே பாம்புக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். "அவளை அந்நியரிடம் விட்டுவிடாதே" என்று என் கையைப் பிடித்துக் கேட்டாள். நான் அவள் மொழியில் "யா" என்று சம்மதித்தேன். செம்மஞ்சள் நிறம், விஷமில்லாத இனம். இங்கே அதைக் கோர்ன்நாட்டர் என்கிறார்கள்.

வந்த முதல் மாதமே அதற்கு மூச்சு இரைத்தது. வாயோரம் நுரை. மிருக வைத்தியர் கண்ணாடிப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, நான் கடையில் வாங்கிப் பரப்பியிருந்த பைன் மரச் சீவலை உடனே கொட்டச் சொன்னார். அதன் எண்ணெய் வாசம் பாம்பின் நெஞ்சுக்கு ஆகாதாம். அதற்குப் பிறகு படுக்கையை நானே தயாரிக்கத் தொடங்கினேன். தோட்டக் கடையில் போய், உரமும் மருந்தும் கலக்காத மண் வேண்டும் என்று கேட்டேன். "தக்காளிக்கா?" என்றான் கடைக்காரன். "இல்லை, ஷ்லாங்கெக்கு" என்றேன். அவன் மரியாதையாகக் காசு கட்டுமிடத்தைக் கைகாட்டி, "அங்கே நில்லுங்கள்" என்றான். இந்த மொழியில் பாம்புக்கும் வரிசைக்கும் ஒரே சொல். நான் கையை நெளித்துக் காட்டிய பிறகுதான் இரண்டடி பின்னால் போனான்.

இப்போது கை பழகிவிட்டது. தேங்காய்த் தும்புத்தூள் கட்டியை இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஊறப்போட்டால் பொங்கி வாளி நிறையும். அதை அள்ளி, விரலிடுக்கில் சொட்டு விழாத அளவுக்குப் பிழிய வேண்டும். ஈரம் மிஞ்சினால் வயிற்றுச் செதில் அழுகும். காய்ந்து போனால் பழைய தோலை, செட்டையை, கழற்ற முடியாமல் தவிக்கும். சருகைத் தெருவோரத்தில் பொறுக்கக்கூடாது. பனிக்கு எறிகிற உப்பும் வாகனப் புகையும் அதில் இருக்கும். காட்டுக்கு உள்ளே போய்ப் பொறுக்கி, கழுவி, குறைந்த சூட்டில் வைத்து உண்ணியும் முட்டையும் சாகவிட்டு, ஆறிய பிறகு தும்புத்தூளின் மேல் பரப்புவேன். பாம்பு அதற்குள் நுழையும்போது ஒரு சின்னச் சரசரப்பு. அவ்வளவுதான் அதன் பேச்சு.

எங்களைப் பெற்ற ஐயாவின் திவசத்துக்கு ஒரு கிழமை இருந்தது. வழக்கமாக என் வீட்டில்தான் படைப்போம். வேறொரு நகரத்தில் இருக்கிற அண்ணை தொலைபேசி எடுத்தார்.

"பாம்பு இருக்கிற வீட்டிலை ஐயாவுக்குப் படையலோ? ஐயாவைக் கொன்றதே பாம்பு. அதை ஆருக்காவது குடுத்திட்டுச் சொல்லு, வாறன்."

"குடுக்கமாட்டன் அண்ணை. ஐயாவைக் கொன்றது பாம்பில்லை. சென்றி."

அவர் தொலைபேசியை வைத்துவிட்டார்.

எங்கள் ஊரான கோப்பாயில், மிளகாய்த் தோட்டத்துச் சருகை அள்ளிக்கொண்டிருந்தபோதுதான் ஐயாவைப் புடையன் பாம்பு கடித்தது. விடிந்து கொஞ்ச நேரம்தான். அண்ணை அவரைச் சைக்கிள் கரியரில் இருத்தி, தன் இடுப்போடு சாரத்தால் கட்டிக்கொண்டு உழக்கினார். நான் பின்னால் ஓடினேன். சந்தியில் வழிமறிக்கிற ஆமிக்காரரின் சென்றி. இன்றைக்கு ஊரடங்கு, ஒருவரும் போக முடியாது என்றார்கள். வீங்கிக் கறுத்த காலை அண்ணை தூக்கிக் காட்டினார். இருக்கச் சொன்னார்கள். வெயில் தலைக்கு மேலே வந்த பிறகு பாதையைத் திறந்தபோது, ஐயாவுக்கு எங்களைத் தெரியவில்லை. அண்ணை இவ்வளவு காலமும் எல்லாருக்கும் ஒரு வரிதான் சொல்லி வந்தார்: ஐயா பாம்பு கடிச்சுச் செத்தவர். கேட்பவர்கள் தலையாட்டுவார்கள், கதை முடியும். என் வரியைச் சொன்னால் கதை முடியாது. அதனால்தான் சொன்னேன்.

திவசத்தன்று தனியே சமைத்து, ஐயாவின் படத்துக்கு முன்னால் வாழையிலையில் படைத்தேன். கத்தரிக்காய்ப் பால்கறி, வாழைக்காய், பருப்பு. கற்பூரம் கொளுத்துகிற நேரம் மணி அடித்தது. அண்ணை, தனியே வந்திருந்தார். கும்பிட்டார், சாப்பிட்டார். கை கழுவிவிட்டு, "எங்கை அது?" என்றார்.

அறையைக் காட்டினேன். வாசலோடு நின்றார். சருகு அசைந்து ஒரு சின்னத் தலை வெளியே வந்தது. அண்ணை கதவு நிலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"அண்டைக்குச் சென்றியிலை நிண்டவன் சிரிச்சவன்," என்றார். "ஐயான்ரை காலைப் பாத்துச் சிரிச்சவன். உனக்குத் தெரியாது, நீ அங்காலை நிண்டனி."

எனக்குத் தெரியாதுதான். பக்கத்தில் போய் நின்றேன். அவர் அழுது முடிக்கும் வரைக்கும் பாம்பு தலையை உள்ளே இழுக்கவில்லை.

சப்பாத்து மாட்டும்போது வழமையான குரல் திரும்பிவிட்டது. "ஆடியிலை ஊருக்குப் போறன். காணி பத்தையாக் கிடக்காம். எல்லாத்தையும் வெட்டி எரிக்கவேணும்."

"வேலிக்கரைச் சருகை எரிக்காதையுங்கோ அண்ணை. அதுக்குள்ளை இருக்கிறதுகள் இருக்கட்டும்."

"உனக்கு விசர்."

"ஓம்."

ஆடி மாதம் ஒரு படம் அனுப்பியிருந்தார். எழுத்து ஒன்றும் இல்லை. காணி துப்புரவாகச் செம்மண்ணாகக் கிடந்தது. வேலியோரம் நீளத்துக்குச் சருகு அப்படியே. இடக்கையில் தொலைபேசியைப் பிடித்து அந்த வேலிக்கரையையே பார்த்துக்கொண்டு நின்றேன். வலக்கை மணிக்கட்டு வரை பெட்டியின் தும்புத்தூளுக்குள் இருந்தது. விரல்களுக்கு மேலால் ஹெல்காவின் பாம்பு மெதுவாக ஊர்ந்து போனது. கையை எடுக்கவும் முடியவில்லை, படத்திலிருந்து கண்ணை எடுக்கவும் முடியவில்லை.