இரண்டாவது வெடி

உல்லாசக் கப்பலிலிருந்து ஹெலிகாப்டரில் தூக்கி வரும்போது நோயாளியை மட்டும்தான் தூக்குவார்கள். கூட வந்த பெண்டாட்டியோ புருஷனோ கப்பல் தளத்தில் விழுந்து புரண்டாலும் ஹெலிகாப்டரில் இடம் கிடையாது. கப்பல் தன் பாட்டுக்கு லிஸ்பனுக்குப் போய்ச் சேரும். அங்கே இறங்கி, விமானம் பிடித்து, அவர்கள் நடுக்கடலில் கிடக்கும் எங்கள் தெர்சைராத் தீவுக்குத் திரும்பி வர நாலைந்து நாள் ஆகிவிடும். அதுவரை அந்த நோயாளி ஆஸ்பத்திரியில் நாதியற்ற ஆள். காலில் கப்பல்காரன் கொடுத்த துணிச் செருப்பு, உடம்பில் வெள்ளை அங்கி, வாயில் "இது எந்த நாடு?" என்ற கேள்வி. கோடீஸ்வரனாக இருந்தாலும் வந்திறங்கும்போது இவ்வளவுதான் சொத்து. மூக்குக்கண்ணாடி, பல்செட் எல்லாம் கப்பல் அறையிலேயே கிடக்கும்.

அப்படி வந்தவர்கள் எத்தனையோ பேருக்குத் தியொலிந்தா சாப்பாட்டுத் தட்டு கொடுத்திருக்கிறாள். ஆஸ்பத்திரிச் சமையலறையில் அவளுக்கு வேலை. எங்கள் அங்ரா ஊரில் அவளைத் தெரியாதவர்கள் கிடையாது. ஆனால் அவளை என்னவென்று சொல்வது என்று யாருக்கும் தெரியாது. அவளுக்கே தெரியாது.

இருபத்திரண்டு வயதில் லிதுவினோவுக்கு வாழ்க்கைப்பட்டாள். கல்யாணமான வருஷமே அவன் கலிபோர்னியாவுக்குப் போனான். மாமாவின் மாட்டுப் பண்ணையில் பால் கறக்கும் வேலை. "வீடு பார்த்ததும் உன்னைக் கூப்பிட்டுக்கறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனான். கொஞ்ச நாள் கடிதம் வந்தது, பிறகு நின்றுபோனது. ஒருநாள் காலையில் மாடு கறக்கப் போனவன் திரும்பவில்லை என்று மாமா எழுதினார். ட்ராக்டருக்கடியில் போய்விட்டான் என்றான் ஒருவன். ஜெயிலில் இருக்கிறான் என்றான் இன்னொருவன். சர்க்கஸில் பார்த்ததாகக் கூட ஒரு புண்ணியவான் சொன்னான். தியொலிந்தா எல்லோர் சொன்னதையும் நம்பினாள். நாற்பது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக அப்படியே ஓடிவிட்டது.

புருஷன் செத்தவள் கறுப்பு உடுத்த வேண்டும். கறுப்பு உடுத்தினால் தன் கையாலேயே அவனைக் கொன்றதுபோல் ஆகும். கலர் உடுத்தினால் ஊர் வாய் சும்மா இருக்காது. யோசித்து யோசித்துக் கருநீலத்தில் வந்து நின்றாள். காணாமல் போனவனைச் செத்தவனாக அறிவிக்கச் சட்டத்தில் வழி உண்டு என்று வக்கீல் ஒருவர் சொன்னார். அவர் வீட்டு வாசல்வரை போய்த் திரும்பிவிட்டாள். "நாளைக்கே அந்த மனுஷன் வந்து கதவைத் தட்டினா நான் என்னத்தச் சொல்றது?" என்றாள். தட்டினால் செருப்பால் அடி என்று நான் சொல்லியிருப்பேன். என்னிடம் கேட்டால்தானே!

மாமியாரையும் அவள்தான் வைத்துக் காப்பாற்றினாள். கிழவி போன பிறகு வீட்டில் தனி ஆள். மீன் வண்டிக்காரர் குவால்தேர் வெள்ளிக்கிழமை தோறும் அவள் வாசலில் எஞ்சினை அணைக்காமலே வேனை நிறுத்துவார். பெண்டாட்டியை இழந்தவர், கூச்ச சுபாவம். மீனை நிறுத்துப் போட்டுவிட்டு, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "ஏதாவது சேதி உண்டுங்களா?" என்பார். "இல்லீங்க" என்பாள் அவள். சேதி என்றால் லிதுவினோவைப் பற்றிய சேதி. கேள்வி அதுவல்ல என்பது இரண்டு பேருக்கும் தெரியும். மீன் வாங்க வந்த பெண்களுக்கும் தெரியும். எல்லோரும் மீனையே உற்றுப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

இந்த மே மாதம் அப்படி ஒரு ஹெலிகாப்டர் வந்தது. சமையலறைப் பாத்திரமெல்லாம் அதிர்ந்தது.

"இன்னொரு கிண்ணம் எடுத்து வைங்கக்கா, விருந்தாளி வராங்க" என்றாள் கூட வேலை பார்க்கும் நத்தேர்சியா. "உப்பில்லாத சூப்புன்னா வெளிநாட்டுக்காரங்களுக்கு உசிரு."

வந்தவர் அமெரிக்கர். பெயர் ரேமண்ட் கூப்பர். நெஞ்சுவலி. ஆபத்துக் கட்டம் தாண்டியதும் மூன்றாவது மாடிக்குக் கொண்டுவந்தார்கள். தியொலிந்தா தட்டை வைத்துவிட்டுத் திரும்பியவள், ஏதோ தோன்றி வாசலில் நின்று பார்த்தாள். வழுக்கைத் தலை, தொங்கிய கன்னம், பொக்கை வாய். இந்த முகத்தை அவள் எங்கும் பார்த்ததில்லை. ஆனால் அந்த ஆள் ரொட்டியைப் பிய்த்தான். உள்ளே இருந்த மிருதுவான பாகத்தை மட்டும் நோண்டி எடுத்து, உருண்டையாக உருட்டி வாயில் போட்டுக்கொண்டான். மேலோட்டைத் தட்டு விளிம்பில் வரிசையாக அடுக்கினான். லிதுவினோ அப்படித்தான் தின்பான். "மேலோட்டை யாருக்குடா வைக்கிறே?" என்று அவன் அம்மா தினம் திட்டுவாள்.

தியொலிந்தா அங்கே நிற்கவில்லை. படியிறங்கி வந்து நத்தேர்சியாவிடம் சொன்னாள்.

"பல்லில்லாதவன் மேலோட்டைத் தின்பானாக்கா?" என்றாள் அவள். "இந்தக் கணக்குல பார்த்தா எங்க தாத்தாவும் உங்க வீட்டுக்காரர்தான்!"

"சிரிக்காதேடி. சுண்டுவிரல் ரெண்டும் உள்பக்கமா வளைஞ்சிருக்கு. பால் கறக்கிற விரல்."

"அந்த வயசுல எல்லாருக்கும் வளையும். பேரே வேறயா இருக்கே, கூப்பராம்."

"பேரை மாத்திக்க முடியாதா?"

"மாத்தலாம்தான்" என்று நத்தேர்சியாவும் குழம்பிப்போனாள். "அமெரிக்காவுல காசு குடுத்தா எதுவும் மாத்தலாமாம்."

மறுநாள் தியொலிந்தா அவன் முதுகுக்குப் பின்னால் நின்று "லிதுவினோ" என்று கூப்பிட்டாள். அவன் திரும்பவில்லை. மனசுக்குள் ஒரு பாரம் இறங்கியது. இறங்கிய வேகத்தில் வேறொன்று ஏறிக்கொண்டது. அடுத்த வேளை சூப்பை வைத்துவிட்டு, முகத்துக்கு நேராகவே, "உங்கம்மா ஒரு சூனியக்காரி, ஊரையே வித்துத் தின்னவ" என்றாள். கிழவி மேலுலகத்திலிருந்து மன்னிக்கட்டும். அந்த ஆள் சந்தோஷமாகத் தலையாட்டி ஆங்கிலத்தில் நன்றி சொன்னான்.

"அவர்கிட்ட என்ன பேசினாலும் பிரயோஜனமில்ல ஆன்ட்டி" என்றாள் நர்ஸ் வானியா. "காது மெஷின் கப்பல்லயே இருக்கு. பக்கத்துல பேசினாக்கூட கேக்காது. நாளைக்கு அவங்க வீட்டம்மா கொண்டுவராங்க."

வீட்டம்மா! அந்த ராத்திரி தியொலிந்தா தூங்கவில்லை. அவனாக இருக்க வேண்டும் என்று ஜெபம் ஆரம்பித்தாள். பாதியில் அவனாக இருக்கவே கூடாது என்று மாற்றினாள். அவனாக இருந்தால் இத்தனை காலம் காத்திருந்தது வீண். அவனாக இல்லாவிட்டால் இனியும் காத்திருக்க வேண்டும். எதைக் கேட்பது என்று தெரியாமல், கடைசியில் மாதாவிடமே முடிவை விட்டுவிட்டுக் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தாள்.

மறுநாள் அந்த வீட்டம்மா டோரீன் வந்து சேர்ந்தாள். நரைத்த தலை, அழுது வீங்கிய கண். தட்டோடு நுழைந்த தியொலிந்தாவை அப்படியே கட்டிக்கொண்டாள்.

"இத்தனை நாளா அவருக்குச் சோறு போட்டது நீங்கதானாமே, உங்களுக்கு ரொம்ப நன்றின்னு சொல்றாங்க" என்று வானியா மொழிபெயர்த்தாள். அவளை வெறுக்க வேண்டும் என்றுதான் தியொலிந்தா படியேறி வந்திருந்தாள். முடியவில்லை. நல்லவளாக இருந்து தொலைத்தாள்.

அன்றைக்கு ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துத் தெருவில் மாடு விடும் விழா. கழுத்தில் கயிறு கட்டிய காளையைப் பெட்டியிலிருந்து திறந்து விட்டதும் ஒரு வெடி போடுவார்கள். மாடு திரும்பப் பெட்டிக்குள் போனதும் இன்னொரு வெடி. இரண்டுக்கும் நடுவில் எங்கள் தீவில் ஒருவனும் தெருவில் கால் வைக்க மாட்டான். மதில்மேல் உட்கார்ந்திருப்பவன் கூடக் காலைத் தொங்கவிட மாட்டான். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து உடம்பில் ஊறிப்போன பழக்கம்.

சாயங்காலச் சாப்பாட்டு நேரம். காது மெஷின் மாட்டிக்கொண்டு, கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டபடி அவன் சூப் குடித்துக்கொண்டிருந்தான். முதல் வெடி வெடித்தது. டோரீன் அலறிக்கொண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டாள். துப்பாக்கி என்று நினைத்துவிட்டாள், பாவம். அடுத்த அறையில் ஒரு ஜெர்மன்காரர் தட்டைக் கீழே போட்டார். வானியா டோரீனின் தோளைத் தடவிச் சமாதானம் சொன்னாள்.

அவன் மட்டும் அதிரவில்லை. சூப்பிலிருந்து கண்ணைக்கூட எடுக்காமல், இரண்டு காலையும் தரையிலிருந்து தூக்கிக் கட்டில்மேல் வைத்துக்கொண்டான். மூன்றாவது மாடியில்!

தியொலிந்தா தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். கலிபோர்னியாவிலும் நம் ஆட்கள் மாடு விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டது நினைவுக்கு வந்தது. அங்கே பார்த்துப் பழகியிருக்கலாமே. ஒருவேளை இவன் வேறு யாரோ. ஒருவேளை...

அவன் சூப்பை முடித்தான். கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு, மெதுவாக ஒரு காலைக் கீழே இறக்கினான்.

"ரெண்டாவது வெடி இன்னும் போடலை" என்றாள் தியொலிந்தா, தீவு மொழியில்.

கால் சட்டென்று மேலே போனது.

அதன் பிறகுதான் அவன் நிமிர்ந்து பார்த்தான். கருநீலப் பாவாடையைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

"அம்மா எப்போ போனா?" என்றான். அதே மொழி, அதே குரல். கிழடு தட்டியிருந்தது, அவ்வளவுதான்.

அவ்வளவு வருஷம் காத்திருந்தவளிடம் அவன் கேட்ட முதல் கேள்வி அது. தியொலிந்தாவுக்கு வலித்தது. ஆனாலும் மகன் கேட்கிறான், பதில் சொல்ல வேண்டியது முறை.

"பத்து வருஷமாச்சு. நான்தான் பார்த்துக்கிட்டேன். கடைசி வரைக்கும் வாசக்கதவைத் தாழ் போட விடலை. நீ வருவேன்னு."

அவன் கண்ணில் தண்ணீர் நிறைந்தது. வாயைத் திறந்தான். இப்போது சொல்வான் என்று அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மன்னிப்பு என்றாலும் சரி, திட்டு என்றாலும் சரி. அவள் பெயரை ஒரு தடவை சொன்னால்கூடப் போதும்.

சுவரோரம் நின்ற டோரீன் கவலையோடு ஏதோ கேட்டாள். அவன் பெண்டாட்டி பக்கம் திரும்பி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆங்கிலத்தில் சுருக்கமாகப் பதில் சொன்னான். டோரீன் நிம்மதியாகச் சிரித்தாள்.

"என்ன சொன்னாரு?" என்று தியொலிந்தா வானியாவிடம் கேட்டாள்.

வானியாவுக்கு இரண்டு மொழியும் தெரியும். அந்தப் பிள்ளையின் முகம் வெளுத்திருந்தது.

"நீங்க... நீங்க சூப்பைப் பத்தி ஏதோ கேட்டீங்களாம் ஆன்ட்டி. தனக்கு ஒண்ணும் புரியலைன்னு சொல்றார்."

"ஆமா, சூப்பைப் பத்திதான்" என்றாள் தியொலிந்தா. காலிக் கிண்ணத்தை எடுத்துத் தட்டில் வைத்தாள். ரொட்டி மேலோடுகளைத் துடைத்துப் போட்டாள். டோரீனைப் பார்த்துத் தலையசைத்தாள். அவள் கதவருகே போகும்போது தெருவில் இரண்டாவது வெடி வெடித்தது. திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினாள். அழுகை வரும் என்று நினைத்தாள், பசிதான் வந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. குவால்தேர் வேனை நிறுத்தி ஹாரன் அடித்தார். மீனை நிறுத்துப் போட்டார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு, பழக்க தோஷத்தில் தராசைப் பார்த்தபடியே கேட்டார்.

"ஏதாவது சேதி உண்டுங்களா?"

"உண்டுங்க" என்றாள் தியொலிந்தா. "நேத்துதான் வந்துச்சு. அவரு செத்துட்டாரு."

மீன் வாங்க வந்த பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள். குவால்தேர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். அவருக்கு வருத்தப்படுவதா, வேறு ஏதாவது செய்வதா என்று புரியவில்லை.

"அடடா... எங்கேங்க? எப்படி?"

"கப்பல்லங்க" என்றாள். "ஹெலிகாப்டர் போய்ச் சேர்றதுக்கு முந்தியே உசிரு போயிடுச்சாம்."

குவால்தேர் வேனின் எஞ்சினை அணைத்தார்.