சீனியின் இரண்டு புத்தகங்கள்

சங்கரம்மாள் இரண்டு புத்தகங்களையும் சுளகில் வைத்து நீட்டினாள். பக்கத்தில் அவள் மகன் சீனியின் சீப்பு, கைக்கடிகாரம், ஒரு கட்டு பீடி. பதினாறாம் நாள் படையலில் செத்தவனுக்குப் பிரியமானதை வைத்து, பிறகு அவன் கூட்டாளிக்குக் கொடுப்பார்கள். ஆகாததை அடுப்பில் போட்டுவிடுவார்கள். அந்த வீட்டு முறை அது.

“எது யய்யா என் பிள்ளையக் கொண்டுபோனது? அதை அடுப்புல போட்டுட்டு மத்ததைப் படையல்ல வைக்கேன். நீதான் ரெண்டையும் படிச்சவன்.”

சீனியின் கூட்டாளி கோபாலசாமி வாங்கிக்கொண்டான். கோவில்பட்டியில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் வேலை அவனுக்கு. இருநூறு பேர் படிக்கும் சிறுபத்திரிகை ஒன்றும் அங்கே அச்சாகும். அதற்காக, தமிழில் மொழிபெயர்த்து வந்த இந்த இரண்டு நாவல்களையும் ஒப்பிட்டுக் கட்டுரை எழுதினான். எழுதி முடித்த பிறகு அவற்றை இந்த ஊருக்கு, பசுவந்தனைக்குக் கொண்டுவந்து சீனியிடம் கொடுத்ததும் அவன்தான்.

“குடுத்தவியகிட்டயே கேக்கா பாரு,” என்றாள் சங்கரம்மாளின் தங்கை அழகுத்தாய், தேங்காய் துருவியபடி. “பருத்திக்குக் களை எடுக்கப் போலேன்னா, கதவைச் சாத்திக்கிட்டு இதைத்தான் படிப்பான்.”

“நீ சும்மா இருட்டி. அதுல என்னதான் எழுதியிருக்கு, சொல்லுய்யா.”

“இது பிரெஞ்சுக்காரன் கதை அத்தை. ஒருத்தன் கதவைப் பூட்டிக்கிட்டு உள்ள இருக்கான். பனிக்காலம் முழுக்க ஒருத்தரும் வந்து தட்டல. செத்துப்போறான்.”

“அது?”

“பாரசீகக்காரன் எழுதுனது. வத்துன கிணத்துக்குள்ள இறங்கி, செத்த பொண்டாட்டியோட பேசிக்கிட்டிருக்கான். ஊரே மேல நின்னு கூப்பிடுது. வரமாட்டேங்கான்.”

பிரெஞ்சு நாவலே அதிகம் இருண்டது என்று கட்டுரையில் எழுதியிருந்தான். கிணற்றுக்காரனைக் கூப்பிடவாவது ஆள் இருக்கிறது. அந்த வாக்கியத்தை எழுதியபோது அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது.

பக்கங்களைப் புரட்டினான். பாரசீக நாவல் கொடுத்தபோது இருந்தபடியே இருந்தது, ஒரு கோடுகூட இல்லை. பிரெஞ்சு நாவலில் எங்கும் பென்சில் கோடுகள். யாரும் கதவைத் தட்டாத பக்கத்தின் ஓரத்தில் ஒரு தேதி. அன்றைக்குச் சீனி அச்சகத்துக்கு வந்திருந்தான். முகூர்த்த மாசம். கல்யாணப் பத்திரிகை வேலை குவிந்து கிடந்தது. “பெறவு வாடே” என்று கோபாலசாமி தலை நிமிராமல் சொன்னான். சீனி வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு பஸ் ஏறப் போனான். நான்காம் நாள் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டான்.

“அவன் போன அன்னைக்குச் சாப்பிட மூணு தரம் கூப்பிட்டேன்யா,” என்றாள் சங்கரம்மாள். “வாரேன் வாரேன்னான்.”

கோபாலசாமி பாரசீக நாவலைச் சுளகுக்கு வெளியே எடுத்து வைத்தான்.

“கிணத்துக்காரன் கதைதான் அத்தை. நீங்க கூப்பிட்டீங்க. அவன்தான் வரல.”

“கூப்பிட்டேன்ல,” என்றாள் அவள். பதினாறு நாளில் முதல்தடவையாகச் சத்தம் போட்டு அழுதாள்.

அழகுத்தாய் புத்தகத்தை அடுப்புக்குள் தள்ளினாள். அட்டை சுருண்டு எரிந்தது. படையல் முடிந்ததும் சங்கரம்மாள் மற்றதை அவன் கையில் கொடுத்தாள். “அவன் ஆசையாப் படிச்சது. நீயே வச்சுக்கோ.”

மறுநாள் திங்கட்கிழமை. கோபாலசாமி எட்டரை மணிக்கு அச்சகத்துக்குப் போனான். புத்தகத்தை எழுத்துப் பெட்டிக்குக் கீழே வைத்தான். கட்டுரையின் கடைசிப் பக்கம் பாக்கி இருந்தது, கோத்து முடித்தான். எதையும் திருத்தவில்லை. மத்தியானத்துக்கு மேல் ஒரு கல்யாணப் பத்திரிகை ஓடியது. ஆறு மணிக்கு வீட்டுக்குப் போனான்.