செல்லம் இறந்த படம்

பேத்தியின் பள்ளிக் கண்காட்சியில் புகைபோட்ட ரப்பர் ஷீட் ஒன்றை முகர்ந்ததும், மலாயாவில் குளுவாங் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தில் இருந்த புகைவீடு நினைவுக்கு வந்தது. இன்று அந்த இடம் எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைக் காடு. அன்று அங்கே, மூங்கில்களில் ஷீட்டுகள் துணிபோலத் தொங்கும் இருட்டுக்குள், பக்கத்து வீட்டு மாரிமுத்து மாமா கண் சிவக்க விறகு தள்ளிக்கொண்டிருப்பார். மகள் செல்லம் நாடகக் கம்பெனியோடு சென்னைக்குப் போனபோது, "அவ செத்துட்டா" என்று தலைமுழுகியவர்.

சில வருடங்களில் செல்லம் பேசும்படக் கதாநாயகி ஆனாள். அவள் பாட்டு தோட்டத்துக் கணக்கரான கிராணி வீட்டு இசைத்தட்டிலிருந்து, வரிசை வீடுகளான எங்கள் லயம்வரை கேட்கும், அவள் முகம் கடைக் காலண்டர்களில் சிரிக்கும். மாமா மட்டும் நிமிர்ந்து பார்க்கமாட்டார்.

அவளுடைய மூன்றாவது படம் குளுவாங்குக்கு வந்தபோது, பகல் ஆட்டத்துக்கு எங்களோடு அவரும் கிளம்பி வந்தார். கதையில் செல்லம் காய்ச்சல் கண்டு இறந்தாள். கொட்டகையே மூக்கைச் சிந்திக்கொண்டிருக்க, மாமா எழுந்து, "ஐயோ, யாராச்சும் பாருங்களேன், புள்ள மூச்சு விடல" என்று கத்தினார்.

மறுநாள், எழுதப் படிக்கத் தெரிந்த என்னிடம் வந்து நின்றார். "ஒடம்பு நல்லா இருக்கான்னு கேட்டு ஒரு கடுதாசி எழுதும்மா."

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. "அப்பா, எல்லாப் படத்திலும் என்னைச் சாகடிக்கிறார்கள். ஜனங்களுக்கு அதுதான் பிடிக்கிறது. நான் சௌக்கியம்" என்று படித்தேன். முழுவதும் கேட்டுவிட்டு, முதல் வார்த்தையை மட்டும் இன்னொரு தரம் படிக்கச் சொன்னார்.